தம்பி அனுப்பிய திறக்காத ஃபைல்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் நாலு கம்ப்யூட்டர் போட்டு சென்டர் நடத்தினார்கள். அங்கே நான் டீச்சர். டாட் டாக் என்றால் கடிதம், டாட் ஜேபிஜி என்றால் படம், டாட் எக்ஸி என்றால் ஓடுகிற புரோகிராம் என்று பலகையில் எழுதிப்போடுவேன். அம்மா போன பிறகு காவாந்தண்டலம் வீட்டில் நான் ஒருத்திதான். தம்பி பெங்களூரில் கேம் தயாரிக்கும் கம்பெனியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான், இரண்டு நிமிஷம் பேசுவான்.

ஒருநாள் கூரியரில் சிடி வந்தது. "நாங்க பண்ண கேம், பாரு" என்று ஒரு சீட்டு. உள்ளே ஒரே ஃபைல், பெயருக்குக் கடைசியில் டாட் இ.எல்.எஃப். அந்த எழுத்துகளை நான் அதுவரை பார்த்ததில்லை. மதியம் பசங்கள் போன பிறகு க்ளிக் செய்தேன். எதைக்கொண்டு திறப்பது என்று கம்ப்யூட்டர் என்னையே கேட்டது. கடைசி எழுத்துகளை டாட் எக்ஸி என்று மாற்றிப் பார்த்தேன். சரியான புரோகிராம் இல்லை என்று சொல்லிவிட்டது.

தம்பிக்குப் போன் போட்டேன்.

"அது கம்ப்யூட்டர்ல ஓடாதுக்கா. டிவில மாட்டி ஆடற பெட்டி கீதில்ல, அதுக்குன்னு செஞ்சது. பேர மாத்தினா உள்ள இருக்கறது மாறுமா?"

"அந்தப் பெட்டி எனக்கு ஏதுடா?"

"அத நான் நெனைக்கவே இல்லக்கா."

மறுநாள் அந்த ஃபைலை, எழுத்துகளை மட்டும் காட்டும் நோட்பேடில் போட்டேன். ரொம்பப் பெரிசு, வேர்ட்பேடில் திறக்கட்டுமா என்றது. சரி என்றேன். பக்கம் பக்கமாகக் கட்டங்களும் கிறுக்கல்களும். நடுநடுவே ஆரம்பி, தோற்றாய், மறுபடி ஆடு என்று அர்த்தம் வரும் இங்கிலீஷ் வார்த்தைகள். எனக்கு வேறு வேலையும் இல்லை. மூன்று மதியம் உட்கார்ந்து தேடினேன். முடிவுக்குக் கிட்டத்தில், கேமைச் செய்தவர்கள் என்று பன்னிரண்டு பேர் பெயர் வந்தது. ஏழாவது தம்பி. மற்ற யாரையும் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். அரைமணி நேரம் பேசினான். யார் ரசம் வைப்பது, யார் ஆபீஸ் தரையிலேயே தூங்குவது எல்லாம் சொன்னான். ஒரு பெயருக்கு மட்டும் குரல் இறங்கியது.

"அவ நல்லா படம் வரைவாக்கா."

"இன்னாடா, வூட்டுக்குக் கூட்டிக்கினு வரப்போறியா?"

"உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

அடுத்த வருஷம் அவர்கள் கல்யாணம் பெங்களூரிலேயே நடந்தது. மண்டபத்தில் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். தம்பி என்னையும் கூப்பிட்டான். ஒரு படத்துக்கு ஓரமாக நின்றேன். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நேரம் நிறைய இருந்தது.