தோற்றாலே போதும் என்றேன்

கூடைப்பந்து என்பது பத்துப் பேர் ஓட, ஓரமாக நிற்கிற ஒருத்திக்கு மூச்சு வாங்குகிற விளையாட்டு. அந்த ஒருத்தியின் பெயர் கோச். இரண்டாயிரத்துச் சொச்ச வருடங்களில் தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் அப்படி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். விசில் ஊதி ஊதிப் பல் தேய்ந்தவர்களே, இருபது ஜோடி ஷூ நாற்றத்தோடு வேனில் பயணம் செய்தவர்களே, சனிக்கிழமை லீவு என்றால் என்னவென்றே மறந்துபோன பி.டி. டீச்சர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் அளக்கிறேன் என்பார்கள்.

விளையாட்டு என்றால் பெருந்தன்மை, நேர்மை, தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்பது என்றெல்லாம் நான் படித்த உடற்கல்விக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் அதைப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு விழுந்த அடி ஒன்றா, இரண்டா? ஒரே வருடத்தில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன்.

பஸ்ஸுக்கு இடம்

காலேஜ் திறந்த வாரத்திலேயே பிரின்சிபால் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். புதுப் பந்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அது கிடைக்கப்போகிறது என்று சந்தோஷமாகப் போனேன். மேடம் ஜன்னல் வழியாக எங்கள் பாஸ்கெட்பால் கோர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோர்ட்டைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. மனசு குளிர்ந்துபோயிற்று. திரும்பியவர், "இங்க எத்தனை பஸ் நிக்கும் மிஸ்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடுவாஞ்சேரியிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் பெண்களை ஏற்றி வருகிற காலேஜ் பஸ்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் நிற்கின்றன, டிராஃபிக் போலீஸ் தினமும் சத்தம் போடுகிறார்கள், காம்பவுண்டுக்குள் வேறு இடமில்லை. இதுதான் விஷயம். கெஞ்சினேன், கொஞ்சம் கண்ணையும் கசக்கினேன். கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். மண்டலப் போட்டியில் இந்த வருடம் எங்கள் டீம் முதல் சுற்றைத் தாண்டினால் கோர்ட் இருக்கும். தாண்டாவிட்டால் பஸ் வரும். அதுவரை முதல் சுற்றைத் தாண்டியதே கிடையாது நாங்கள். "இத்தனை வருஷமா பிள்ளைங்க ஓடின இடம் மேடம்" என்று கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"பஸ் தினமும் ஓடுது மிஸ். உங்க டீம் வருஷத்துக்கு ரெண்டு நாள்தான் ஓடுது."

வீட்டுக்கு எடுத்துப் போக முடியாதது

எங்கள் கேப்டன் ஷபானா, பி.காம். மூன்றாம் வருடம். ஜெர்சிக்கு உள்ளே முழுக்கை பனியன், கீழே டிராக் பேண்ட் என்று அந்த வெயிலில் அவள் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு வியர்க்கும். அவளை நம்பித்தான் டீமே இருந்தது. ஒரு நாள் பிராக்டிஸ் முடிகிற நேரத்தில் அவளுடைய அப்பா கரீம் பாய் கோர்ட் வாசலில் வந்து நின்றார். குரோம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர். கடை நேரத்தில் கடையை விட்டு வந்திருக்கிறார் என்றால் விஷயம் சின்னதாக இருக்காது. "இனிமே விளையாட வேண்டாம் மேடம், வீட்ல பேசுறாங்க" என்கிற வசனத்தை எல்லா ஜாதி, எல்லா மதத்து அப்பாக்களிடமும் கேட்டவள் நான். இவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். இருட்டுவதற்குள் அனுப்பிவிடுவேன், ஸ்டேஷன் வரைக்கும் நானே கூட வருவேன், படிப்பு கெடாது, காலேஜுக்கே இவளால்தான் பெயர் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் குறையைச் சொன்னார். அதைக் கேட்டு நான் பிடித்திருந்த பந்தைக் கீழே விட்டுவிட்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் மேடம். ஒரு ஆளுக்கு நாலு ஃபவுல் வரைக்கும் வெளிய அனுப்ப மாட்டாங்களாமே? இவ ரெண்டுக்கு மேல பண்ண மாட்டேங்குறா. மீதி ரெண்டை வீட்டுக்கா எடுத்துட்டு வரப் போறா?"

விழுந்தவளைத் தூக்கியது

ரோஸ்லின் பீர்க்கன்கரணைப் பெண். டீமிலேயே உயரமானவள். அவளைப் பார்த்ததுமே எதிர் டீம் முகம் சுருங்கும். பத்து நிமிஷம் ஆடிய பிறகு மலர்ந்துவிடும். காரணம், ரோஸ்லினுக்குக் கூடையைக் கண்டால் பயம். பந்து கைக்கு வந்தால் சுடுபாத்திரத்தைப் பிடித்தவள் மாதிரி உடனே பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுவாள். இரண்டு வருடத்தில் ஒரு மேட்சில் கூட அவள் ஒரு பாயிண்ட் போட்டதில்லை. யார் மேலாவது இடித்துவிட்டால் "சாரிக்கா" என்பாள். யாராவது விழுந்தால் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கிவிடுவாள். அதை மட்டும் நான் திருத்தவே இல்லை. நான் பரீட்சையில் எழுதியதை உண்மையிலேயே செய்கிற ஒருத்தி இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

கூடுவாஞ்சேரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்று எங்களோடு ஃப்ரெண்ட்லி மேட்ச் ஆட வந்தது. அவர்களுடைய கோச் வசந்தா மேடம் எனக்குச் சீனியர். நான் படித்த அதே உடற்கல்விக் கல்லூரி, அதே பாடம். அன்றைக்கு என்னவோ அவர்கள் டீமில் ஆளுக்கு ஆள் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தார்கள். மழை பெய்யவில்லை, தரையும் காய்ந்துதான் கிடந்தது. விழுகிறவர்கள் எல்லோரும் ரோஸ்லின் காலடியிலேயே விழுந்தார்கள். இவள் ஒவ்வொரு முறையும் குனிந்து கை கொடுப்பாள். அந்தப் பக்கம் எங்கள் கூடையில் பந்து விழும். எனக்குச் சந்தேகம் வந்து கோட்டை ஒட்டி நகர்ந்து போய் நின்றேன். தரையில் கிடந்த ஒரு பெண், ரோஸ்லினின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"கைய விட்றாதீங்கக்கா, எங்காளு இன்னும் பந்து போடல."

பஜ்ஜி இடைவேளை

பதிலுக்கு ஆட நாங்கள் அவர்கள் கல்லூரிக்குப் போனோம். அங்கே கோர்ட்டைக் கிழக்கு மேற்காகக் கட்டியிருந்தார்கள். சாயங்காலம் மேற்குக் கூடையைப் பார்த்துப் பந்து போடுகிறவர்களுக்கு வெயில்தான் தெரியும், வளையம் தெரியாது. முதல் பாதியில் அவர்கள் மேற்கே போட்டார்கள். அப்போது சூரியன் இன்னும் உயரத்தில்தான் இருந்தது. பாதி ஆட்டத்தில் பக்கம் மாற வேண்டும். மாறுவதற்கு முன் வசந்தா மேடம் எங்களை அன்போடு உட்காரவைத்தார். பஜ்ஜி வந்தது, காபி வந்தது. எங்கிருந்தோ ஒரு சிறப்பு விருந்தினர் வந்து பெண் கல்வியைப் பற்றிப் பேசினார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எதிர்த்து ஆடுகிறவர்களுக்கு இவ்வளவு உபசாரமா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இரண்டாம் பாதிக்கு எழுந்து போனால் சூரியன் சரியாக நாங்கள் போட வேண்டிய வளையத்துக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தது. ஷபானா கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஆடினாள். பஜ்ஜி சாப்பிட்ட மற்றவர்கள் ஆடவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் நேராகப் போய், "இது நியாயமா மேடம்?" என்று கேட்டேன். அவர் மீதி பஜ்ஜியைப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தார்.

"சூரியன் என்ன எங்க காலேஜ் ஸ்டாஃபாம்மா, நான் சொன்னா நகர்றதுக்கு?"

போடாதே ரோஸ்லின்

மண்டலப் போட்டியில் முதல் சுற்றில் எங்கள் பிரிவில் மூன்று கல்லூரிகள், அடுத்த சுற்றுக்குப் போவது ஒன்றுதான். வசந்தா மேடத்தின் டீமும் எங்கள் பிரிவிலேயே வந்து விழுந்தது. மூன்றாவது கல்லூரியை நாங்கள் பத்துப் பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தோம். வசந்தா மேடம் அதே கல்லூரியிடம் ஒரே பாயிண்டில் தோற்றிருந்தார். கடைசி ஆட்டம் எங்களுக்குள். ஆளுக்கொரு வெற்றி என்று வந்தால் பாயிண்ட் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். கணக்கு இதுதான்: நாங்கள் ஜெயித்தால் உள்ளே. தோற்றாலும் ஐந்து பாயிண்டுக்குள் தோற்றால் உள்ளே. அதற்கு மேல் தோற்றால் மட்டும் அவர்கள் உள்ளே, நாங்கள் வெளியே, எங்கள் கோர்ட்டில் பஸ்.

கடைசிச் சில விநாடிகள். அவர்கள் இரண்டு பாயிண்ட் முன்னால். பந்து எங்கள் கையில். டைம் அவுட் கேட்டேன். எனக்குக் கோர்ட்டே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. "இப்படியே தோத்தாலே போதும்! யாரும் போட வேண்டாம். பந்தை ரோஸ்லின்கிட்ட குடுங்க, அவ போட மாட்டா" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பந்து ரோஸ்லின் கைக்கு வந்தது. அப்போதுதான் அது நடந்தது. வசந்தா மேடத்தின் ஐந்து பெண்களும் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு வழி விடுகிற மாதிரி இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். ரோஸ்லினுக்கும் கூடைக்கும் நடுவே ஒரு ஈ காக்கா இல்லை. எனக்கு அப்புறம்தான் உறைத்தது. இவள் போட்டால் ஆட்டம் சமன். சமன் ஆனால் கூடுதலாக ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் எங்களை நன்றாகத் தோற்கடித்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மாள் கணக்குப் போட்டிருக்கிறார்.

"போடாதே ரோஸ்லின்! போடாதே!" என்று கத்தினேன். எதிர்ப் பக்கம் வசந்தா மேடம், "போடட்டும், விடுங்கடி!" என்று கத்தினார். மகள் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த, கணக்கு எதுவும் தெரியாத கரீம் பாய் நாற்காலி மேல் ஏறி நின்று, "போடும்மா, தாயி, போடு!" என்று அலறினார். ரெஃப்ரி என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போல் பார்த்தார். ரோஸ்லினும் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு எட்டு வைத்தாள், எழும்பினாள், போட்டாள். பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. போடக் கூடாது என்று தெரிந்த எங்கள் பெண்களே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கூடுதல் நேரத்தில் எங்கள் பிள்ளைகள் சந்தோஷத்தில் ஓடினார்களே தவிர, கால் ஒத்துழைக்கவில்லை. அப்பா பேச்சைக் கேட்டாளோ என்னவோ, ஷபானா தன் ஃபவுல்களை எல்லாம் செலவழித்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். ஏழு பாயிண்டில் தோற்றோம். கை குலுக்க வந்த வசந்தா மேடம் என் கையை விடவில்லை. ஜெயித்தவர் முகம் மாதிரியே இல்லை அது.

"எதிராளி பாஸ்கெட் போடணும்னு நான் வேண்டிக்கிட்டேன், சொந்தப் பொண்ணு போடக் கூடாதுன்னு நீ வேண்டிக்கிட்ட. அந்தப் பரீட்சையில நம்ம ரெண்டு பேருக்கும் எவன்மா மார்க் போட்டான்?"

வேனில்

திரும்பும்போது வேனில் யாரும் அழவில்லை, என்னைத் தவிர. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இந்தப் பெண் ஒரு நிமிடம் பேசாமல் நின்றிருந்தால் போதும். நாளைக்குக் கோர்ட் இருந்திருக்கும். பெருங்களத்தூர் தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் முடியாமல் பின்னால் திரும்பினேன். ரோஸ்லின் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அவ்வளவு கத்தினேனே, உனக்குக் கேக்கவே இல்லையா?" என்றேன். திட்டு வாங்கத் தயாரான முகம்தான், ஆனால் தலையைக் குனியவில்லை. அவள் பதில் சொன்னாள். வேன் தாம்பரம் வந்து நின்றபோது நான்தான் கடைசியாக இறங்கினேன்.

"கேட்டுச்சு மேம். டைம் அவுட்ல, 'ரோஸ்லின்கிட்ட குடுங்க, அவ போட மாட்டா'ன்னு சொன்னீங்களே, அதுவும் கேட்டுச்சு."

ரிவர்ஸ்

பிரின்சிபால் மேடத்திடம் கணக்கை விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. போடாமல் தோற்றிருந்தால் உள்ளே போயிருப்போம், போட்டதால் வெளியே வந்தோம் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். சொன்ன சொல்லை மட்டும் காப்பாற்றினார். நாங்கள் முனிசிபாலிட்டி மைதானத்துக்குப் பிராக்டிஸை மாற்றிக்கொண்டோம். அங்கே ரோஸ்லின் பந்தை யாருக்கும் கொடுப்பதே இல்லை; தூரத்திலிருந்தெல்லாம் எறிகிறாள், பாதி வெளியே போகிறது, கேட்டால் "சாரி மேம்" என்று சொல்லிவிட்டு மறுபடி எறிகிறாள்.

முதல் பஸ் எங்கள் கோர்ட்டுக்குள் வந்த அன்றைக்கு நான் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. டிரைவர் அண்ணன் இறங்கி வந்து போர்டையும் வளையத்தையும் அண்ணாந்து பார்த்தார். நான் ஏன் கண்ணைத் துடைக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

"மேடம், இந்த வளையத்த கயட்டச் சொல்லு. ரிவர்ஸ் எடுக்கசொல்ல வண்டி மேல இடிக்குது, பேஜாரா கீது."

தோற்கத் தெரியாத ஒரு டீம் வேண்டும் என்று எல்லா கோச்சும் சாமியிடம் வேண்டிக்கொள்கிறார்கள். எனக்குக் கேட்டது கிடைத்தது, அதனால் கோர்ட்டில் பஸ் நிற்கிறது.