குடையைத் தொலைத்த வாத்தும் எங்கள் தறித் தெருவும்

வேல்ஸில் நாங்கள் இருக்கும் ஊரில், புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பூங்காவில் நட்டு வைக்கிறார்கள். இடுப்பு உயரக் கம்பங்கள். ஒவ்வொன்றிலும் கண்ணாடிக்குள் கதையின் ஒரு பக்கம், மேலே வெல்ஷ், கீழே ஆங்கிலம். மிச்சக் கதை வேண்டுமென்றால் பிள்ளையோடு அடுத்த கம்பம்வரை நடக்க வேண்டும். முதல்நாள் அதை ஏதோ எச்சரிக்கைப் பலகை என்று நினைத்து, என் நான்கு வயது மகள் இனியாவை இழுத்துக்கொண்டு ஒதுங்கினேன். மழைக்கோட்டு போட்ட ஓர் அம்மா "கோ ஆன், கோ ஆன்" என்று கைகாட்டினார். விரட்டுகிறார் என்று எண்ணி, "சாரி, சாரி" என்றபடி வாசல்வரை வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வந்து, இனியாவுக்கு ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டிய பிறகுதான் விளங்கியது. குடையைத் தொலைத்த வாத்தின் கதை. சில வாரங்களில் இனியாவுக்கு அது மனப்பாடம்.

இந்தக் கோடையில் என் சொந்த ஊரான எடப்பாடிக்குப் போனோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் அக்கா சிறுவயதிலிருந்தே விசைத்தறி ஓட்டுகிறாள். இனியாவுக்குத் தமிழ் புரியும், வாயில் வராது. வந்த நாள் முதல் அக்காவைக் கண்டால் என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். "வாயத் தொறந்தா முத்து உதுந்துருமா சாமி?" என்று அக்கா சிரிப்பாள், ஆனால் முகம் வாடிவிடும். வேல்ஸுக்குத் திரும்புவதற்குள் இவள் அத்தையோடு ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும் என்பதே எனக்கு ஏக்கமாகிவிட்டது.

எங்கள் தெருவில் தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றுதான் தெரு வாய்விட்டுப் பேசும். அந்த நாளுக்காகவே வாத்துக் கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, இனியாவோடு சேர்ந்து படம் வரைந்து, மரவள்ளி மாவில் பசை காய்ச்சி வீட்டுக்கு ஒரு பக்கமாகச் சுவரில் ஒட்டினேன்.

"ஏனுங் தம்பி, எலெக்சன் வருதுங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

ஆனாலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. அம்மாக்கள் இடுப்பில் பிள்ளையோடு தமிழைப் படிக்க, இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் ஆங்கிலத்தை உரக்க ஒப்பித்தார்கள். "வாத்துக்கு எதுக்குங்க கொடை?" என்று ஒருத்தி கேட்க, தெருவே சிரித்தது. சுவர் சுவராக நகர்ந்து கடைசி வீட்டை அடைந்தோம். அங்கே ஓர் ஆடு நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. சுவரில் ஈரம் மட்டும் இருந்தது. மரவள்ளிப் பசையை ஆடு விட்டுவைக்குமா? பிறந்த ஊரிலேயே எனக்கு அது மறந்துபோயிருந்தது.

"மாமா, ஆடு கதையத் தின்னுருச்சு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான் ஒரு பையன்.

முடிவைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா கையமர்த்தினாள். "நீ செத்த சும்மா இரு." இனியாவின் முன் குந்தினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது சாமி. கரண்டு வந்தா நாந் தறிக்குப் போவோணும். கொடை கெடச்சுதா, இல்லியா?"

இனியா ஆட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தெருவே காத்திருந்தது.

"தவளை... தவளை எடுத்துச்சு. குடைல ஏறி... ஆத்துல போகுது, அத்தை!"

"அட என்ற சாமி!" அக்கா அவளை அள்ளி இடுப்பில் வைத்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் கரண்டு வந்துவிட்டது. தெருவின் தறிகளெல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கின. அக்கா தறிக்குப் போகவில்லை. இனியா அவள் காதருகே வாயை வைத்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்து வளர்ந்தவன் நான். அன்று அந்த இரைச்சலில் நின்று மகளின் உதடுகளையே பார்த்தேன். அவள் சொல்வது தமிழா, ஆங்கிலமா என்று எனக்குப் பிடிபடவில்லை.