இரண்டாம் மாடியில் சாத்தாத கதவு

மெக்லீன் கட்டடம் ஆறு மாடி. திருச்சி கன்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரர் காலத்தில் ஆபீஸ்களுக்கென்றே கட்டியது. சந்திரம்மாள் அதைப் பெருக்கித் துடைக்க வந்தபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷம், உறையூரிலிருந்து முதல் டவுன் பஸ்ஸில் வந்து அறை அறையாகத் திறந்துவிடுவாள். சாயங்காலம் பூட்டிவிட்டுப் போவாள். எந்தச் சன்னல் மழைக்கு ஒழுகும், எந்தப் பூட்டில் சாவியைத் தூக்கித் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவள் கைக்கே தெரியும்.

1982இல் கட்டடம் கைமாறியது. பெரிய ஓட்டலாக மாற்றப் போகிறார்கள், அறைக்கு அறை ஏசி, கீழே ஐந்நூறு பேர் உட்காரும் ஹால் என்று பேச்சு. ஆபீஸ்கள் காலியாயின. இடிபாடு கூட்டச் சந்திரம்மாளை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

"தகராறு இல்லாம வேலையப் பாரும்மா. ஓட்டல் திறந்ததும் உனக்கு ஒரு எடம் உண்டு" என்று சொல்லியிருந்தார் இன்ஜினியர் கிளமென்ட். கணவன் போய்ச் சேர்ந்து, இரண்டு பெண்களை வைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வார்த்தைதான் பிடிமானம்.

ஹாலுக்காகக் கீழ்த்தளத்தின் நடுச்சுவரை உடைக்க ஆரம்பித்த மூன்றாம் நாள். இரண்டாம் மாடித் தாழ்வாரத்தைக் காலையிலேயே பெருக்கியிருந்தாள். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் சுவரோரம் நெடுகச் சுண்ணாம்புத் தூள். அந்த மாடியில் யாருக்கும் வேலை கிடையாது. மறுபடி பெருக்கினாள். அரைமணி நேரத்தில் மறுபடி தூள். கோடி அறைக் கதவைச் சாத்திப் பார்த்தாள். காலையில் ஒற்றை விரலால் தள்ளிச் சாத்திய கதவு, இப்போது மேல்சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை.

படியிறங்கி ஓடினாள். கீழே பதினான்கு பேர் சம்மட்டியோடு நின்றார்கள், பக்கத்தில் கிளமென்ட்.

"சார், நிறுத்தச் சொல்லுங்க. மேல கதவு சாத்த மாட்டேங்குது."

"அதுக்குத் தச்சன்கிட்ட சொல்லு."

"காலைல சாத்துச்சு சார். சுவரு தூளாக் கொட்டுது. கட்டடம் எறங்குது சார்."

யாரோ சிரித்தார்கள். கிளமென்ட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது வெறும் தடுப்புச் சுவர்னு பிளான்லயே போட்டிருக்கு. நீ போயி உன் வேலையப் பாரு. இல்லேன்னா நாளைலேருந்து வராதே."

போய்விடலாம் என்றுதான் திரும்பினாள். சம்மட்டி மறுபடி விழுந்தது. அந்த அடி அவள் உள்ளங்காலில் அதிர்ந்தது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, ஆட்களுக்கு நடுவே புகுந்து, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"மேஸ்திரி, ஒரே ஒரு தடவை மேல போயி பாத்துட்டு வாங்க. பொய்யின்னா நானே போயிடறேன்."

மேஸ்திரி ரெங்கராஜ் இன்ஜினியர் முகத்தைப் பார்த்தார். பிறகு படியேறினார். கிளமென்ட் இரண்டு முறை வாட்சைப் பார்த்தார். சந்திரம்மாள் சுவரை விட்டு நகரவில்லை.

ரெங்கராஜ் தடதடவென்று இறங்கி வந்தார். "சார், ஆளுங்களை வெளிய அனுப்புங்க. ஒருத்தரும் உள்ள நிக்கக் கூடாது!"

எல்லோரும் ரோட்டுக்கு ஓடினார்கள். மேஸ்திரியும் நான்கு பேரும் மட்டும் உள்ளே திரும்பிப் போய், சவுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி முட்டுக் கொடுத்தார்கள். மேலே உத்தரம் ஒருமுறை 'டக்'கென்று சத்தமிட்டபோது வெளியே நின்றவர்கள் இன்னும் நாலடி பின்வாங்கினார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் ஐவரும் வெளியே வர மாலை நாலு மணி ஆயிற்று. மறுநாள் பூச்சைக் கொத்திப் பார்த்தார்கள். மேல்மாடிகளின் பாரம் பாதி அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருந்தது.

கிளமென்ட் நான்கு நாள் அவள் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தார். "அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா."

"அது இருக்கட்டும் சார். நான் வரட்டுமா, வேணாமா? அதைச் சொல்லுங்க."

"வா" என்றார்.

உடைத்த அளவுக்குச் சுவரைத் திரும்பக் கட்டி, ஒரே ஹாலாக நினைத்திருந்ததை இரண்டாக்கினார்கள். 1984இல் ஓட்டல் திறந்தது. படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்கும் அறை சந்திரம்மாள் பொறுப்பில் வந்தது. அவளுக்குக் கீழே மூன்று பெண்கள். ஹாலுக்குள் போக வேண்டி வந்தால் மட்டும், ரொம்ப நாள் வரை, அவள் நடுவில் நடக்கமாட்டாள். அந்தச் சுவரை ஒட்டியே போய் வருவாள்.