காஜா எடுக்காத வெள்ளைச் சட்டை

என் அண்ணன் டெய்லர். ஊரெல்லாம் அவனை மாஸ்டர் என்று கூப்பிடும். நான் பயந்தாங்கொள்ளி என்பேன், அதுவும் நேருக்கு நேராக. கரப்பான் பூச்சியைக் கண்டால் மெஷினை விட்டு எழுந்து ஓடுகிற ஆள். ஆனால் கத்தரிக்கோலை எடுத்தால் ஒரு நூல் பிசகாது. அவன் வெட்டித் தைப்பான், நான் பட்டன் நுழையும் துளைக்குக் காஜா எடுத்து, பட்டனும் வைப்பேன். எங்கள் கடையில் ஒரு வெட்டு மேஜை, இரண்டு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஓயாத வாய் ஒன்று. வாய் என்னுடையது.

அம்மா போன பிறகுதான் அவனுக்கு இந்த யோசனை வந்தது.

"யாரு யாருக்கு என்ன உறவுன்னு அம்மாவுக்குத்தான் தெரியும். இப்பவே வரைஞ்சு வைக்கலேன்னா நம்ம பசங்களுக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிடும், பாப்பா."

தலை நரைத்த பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான். சட்டைக்கு மாதிரி வெட்டும் பழுப்புத் தாளை மேஜையில் விரித்து, துணியில் கோடு போடும் சாக்பீஸால் வம்சத்தை வரைய ஆரம்பித்தான். மேலே தாத்தா. அவருக்குக் கீழே அப்பா, அத்தை, சித்தப்பா. அப்பாவிலிருந்து இரண்டு கோடு இறக்கி, ஒன்றில் தன்னையும் மற்றதில் என்னையும் எழுதினான்.

அந்த முதல் கோட்டைப் பார்த்ததும் காஜா ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் அம்மாவின் அக்கா பிள்ளை. பெரியம்மா பிரசவத்தில் போய்விட்டாள். பெற்றவன் திரும்பியே பார்க்கவில்லை. அந்தப் பச்சைக் குழந்தையை எங்கள் அம்மாவும் அப்பாவும் எடுத்து வளர்த்தார்கள். அப்புறம்தான் நான் பிறந்தேன். பெரியம்மா மகனும் அண்ணன்தானே? அதனால் யாரும் என்னிடம் பொய் சொல்ல வேண்டியே வரவில்லை. அந்த ஒரு சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். நான் சொல்லிவிட்டால் அம்மா, அப்பா, தங்கை என்று ஒருத்தரும் தனக்கு இல்லை என்று விலகிப் போய்விடுவானோ என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெருவுக்கே தெரியும்.

அடுத்து, ஒவ்வொருவரும் எப்படிப் போனார்கள் என்று எழுதினான். தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். சித்தப்பாவும் அப்படித்தான். அத்தை பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தவள். அப்பா இதே மெஷின் மேல் தலை சாய்த்துப் போனார். ஒருவர்கூட ஐம்பதைப் பார்க்கவில்லை. அண்ணனுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

"பாப்பா, வரிசையா நிக்கிறாங்க பாரு. அடுத்தது நான்தான்." பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"வாயைக் கழுவு முதல்ல!" என்று கத்தினேன்.

அன்றிலிருந்து தைக்கப் புதுத் துணி வாங்கிக்கொள்வதை நிறுத்திவிட்டான். "பாதியில நான் போயிட்டா யாரு தைச்சுக் குடுப்பா?" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். அண்ணி கடைக்கே வந்து அழுதாள். "தூங்கவே மாட்டேங்கிறார். கண்ணை மூடினா அப்புறம் திறக்க முடியாதோன்னு பயமாம்."

டாக்டரிடம் போகலாம் என்றால், "அவரும் ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றது?" என்பான். நாளுக்கு நாள் இளைத்தான். அவன் மெஷின் சத்தம் நின்றாலே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நோய் வருவதற்கு முன் பயமே இவனைக் கொன்றுவிடும் போலிருந்தது.

ஒரு மத்தியானம் என் மடியில் ஒரு வெள்ளைச் சட்டையை வைத்தான். அவன் அளவு.

"இதுக்கு நீயே காஜா எடு பாப்பா. கடைசியா எனக்குப் போட்டு அனுப்ப."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! சட்டையைச் சுருட்டி மூலையில் வீசினேன்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதுடா! நீ அப்பாவுக்குப் பொறக்கவே இல்ல! பெரியம்மா புள்ள நீ!"

ஐயோ, சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே அம்மா சொன்ன எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவன் மேஜைக்குப் போனான். தாளைப் பார்த்தபடி துணி தட்டும் பிரஷ்ஷை எடுத்தான். சாக்பீஸ் கோடுதானே, ஒரு தடவை தேய்த்தால் போய்விடும்.

"அழிக்காத, அண்ணா," என்றேன்.

அவன் அழிக்கவில்லை. அவன் விரல் அப்பாவிடமிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது. தன் கோட்டில் அல்ல, என் கோட்டில். என் பெயரில் வந்து நின்றது. பிரஷ் கை நழுவிக் கீழே விழுந்தது.

"அப்போ... நீ?"

எனக்குப் புரியவில்லை.

"படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னியே, பாப்பா. போன வாரம் சொன்னியே!"

சொன்னேன்தான். இத்தனை நாளும் அவனுக்காகவே பயந்து பயந்து, அந்தத் தாளில் நானும் இருக்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. அப்பாவின் ரத்தம் இந்தக் கடையில் ஓடுவது என் ஒருத்தி உடம்பில்தான்.

கழுத்தில் கிடந்த டேப்பைக்கூட எடுக்காமல் கடையின் ஷட்டரை இழுத்து மூடினான். டாக்டர் பெயரைக் கேட்டாலே நடுங்குகிற மனுஷன், "நட, டாக்டர்கிட்ட" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணா, நீ இனிமே பயப்பட வேண்டாம்," என்றேன்.

"சும்மா வா," என்றான். நாலு அடிக்கு ஒரு தடவை நின்று, எனக்கு மூச்சு வாங்குகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.