மூச்சு வாங்காத பாட்டு

என் கையெழுத்து கோழி கிறுக்கியதுபோல இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். நம் ரசிகர் குழுவினர் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமது அமெரிக்க 'சோல்' இசைப் பாடகர் இறந்து இத்தனை வருடம் கழித்து, அவர் குரலைக் கம்ப்யூட்டரில் செய்து புதுப் பாட்டு வெளியிடப்போகிறார்களாம். குழுவில் எல்லோரும் கொண்டாடுகிறீர்கள். நானும் அந்தப் பாட்டின் மாதிரித் துணுக்கைப் போட்டு, பழக்கதோஷத்தில் ஸ்பீக்கர்மேல் கை வைத்தேன். குரல் ஓரிடத்திலும் மூச்சுக்கு நிற்கவில்லை.

அந்தப் பழக்கம் அப்பாவுடையது. மில்லில் தறிச் சத்தத்தில் காது போனவர். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பக்கத்து வீட்டு மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் எல்லோருக்கும் 'மிசியே', ஞாயிறுதோறும் இதே பாடகரின் இசைத்தட்டைப் போடுவார். அப்பா எண்ணெய்க் குளியல் முடித்து, சீயக்காய் வாசனையோடு போய், ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையைப் பதித்து உட்காருவார்.

"இன்னாப்பா, பாட்டுக்குக் காய்ச்சலா? தொட்டுப் பாக்கற?" என்று மாமா அவர் காதருகே கத்துவார்.

"சும்மா இரு மிசியே. இப்ப மூச்சு வாங்கறான். அவனும் மனுசன்தானே."

குழுவில் இதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது சொல்கிறேன்: இந்தப் பாட்டை நான் கேட்கமாட்டேன். பாட்டை வெளியிடுகிறவர்களுக்கு நீங்கள் அனுப்பும் வாழ்த்தில் என் பெயரைச் சேர்க்காதீர்கள். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப்போவதில்லை.

ஆடி 9, வெள்ளிக்கிழமை.