ருசி பார்க்காத பாஸ்டா சலாது

முப்பத்து நாலு வருடம் கண்டியில் கோக்கி வேலை பார்த்திருக்கிறேன். இப்போதைய பிள்ளைகள் ஷெஃப் என்கிறார்கள், சட்டைதான் வேறு, அடுப்பு ஒன்றுதான். கலியாண வீடுகளில் ஆயிரம் பேருக்குச் சோறு ஆக்கியிருக்கிறேன், கை நடுங்கியதில்லை. முப்பது பேருக்கு ஒரு குளிர் சலாது செய்யப் போய்த்தான் எனக்குத் தலை சுற்றியது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுதவில்லை. இன்றைக்கும் எனக்குப் பாதிதான் விளங்கியிருக்கிறது.

1. யாருடைய சமர்?

கண்டிக் குளத்துக்கு மேலே மலைப்பக்கமாக ஆறு அறையுள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸ். அதன் சொந்தக்காரியை எல்லோரும் மேடம் என்போம். டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம், கணவர் இப்போது இல்லை. ஒரே மகன் பிரவீன். படிக்க மெல்பர்ன் போனவன் ஆறு வருடம் கழித்து லீவில் வந்திருந்தான். அவனைப் பள்ளிக்கூடச் சப்பாத்தோடு பார்த்தவன் நான், அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

கிச்சனில் நானும் புஷ்பமும். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்பார்கள், அதனால் எல்லோருக்கும் நான் நானாதான். நான் கம்பளையில் இருந்து வருவேன், புஷ்பம் கலஹா பஸ்ஸில் வருவாள். நாற்பத்தைந்து வயது, வாயும் ஓயாது, கையும் ஓயாது.

நோன்பு மாதம், மார்ச் வெயில். ஒரு வியாழக்கிழமை மேடம் கிச்சனுக்குள் வந்து நின்றார். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"நானா, அவன் வந்து பத்து நாளாச்சு. என் கையால ஒரு வாய் சாப்பிடல. பாணும் வாழைப்பழமும் தின்னுட்டு ரூமுக்குள்ள இருக்கான். தயிர்ச்சோறு வேணாங்கிறான், நெய்த்தோசை வேணாங்கிறான். கேட்டா வீகனாம். புதன்கெழம போயிருவான். அதுக்குள்ள என் மேசையில ஒரு வேளையாவது வயிறு நெறைய சாப்பிடணும்."

"என்ன செய்யோணும் செல்லுங்க மேடம்."

"ஞாயித்துக்கெழம தோட்டத்துல ஏதோ சமர் பார்ட்டி வைக்கணுங்கிறான். கிரீமா ஒரு பாஸ்டா சலாது வேணுமாம். அவனே செஞ்சுக்கிறானாம். என் வீட்டுல அவன் செஞ்சு அவன் சாப்பிடவா? நீங்க செய்ங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். பாஸ்டா தெரியும், சலாது தெரியும், சமர் என்கிற கோடை எது? பிரவீனைக் கேட்டேன். மெல்பர்னில் சமர் டிசம்பரில் வருமாம், அது முடிந்தும் போய்விட்டதாம். கண்டியில் நமக்கு மழை உண்டு, மழை இல்லாத நாள் உண்டு. பிறகு யாருடைய சமருக்குப் பார்ட்டி?

"வெயில் அடிக்குதுல்ல நானா, அதான் சமர்" என்று சிரித்தான்.

2. அட்டையில் பத்துப் பெயர்

பிரவீன் ஃபோனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். நான் பிஸ்கட் பெட்டி அட்டையில் எழுதினேன்.

"மிருகத்துல இருந்து வர்ற எதுவும் கூடாது நானா."

"எறச்சி, கோழி, மீன், முட்டை. சரி."

"பால், தயிர், நெய், பட்டர், சீஸ்."

"இதெல்லாம் சைவந்தானே தம்பி?"

"சைவம்தான். வீகன் இல்ல. தேனும் இல்ல."

"தேனுமா? அதுக்கு யாரும் கத்தி வைக்கல்லயே."

புஷ்பம் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். "நம்ம வெள்ளிக்கெழம சாப்பாடுன்னு நெனச்சேன். இது சாமிக்கே கொஞ்சம் ஓவரு."

"அப்ப கிரீம் எங்கேந்து வரும்?" என்று கேட்டேன்.

"கஜுல இருந்து."

நான் புஷ்பத்தைப் பார்த்தேன், புஷ்பம் என்னைப் பார்த்தாள். கஜு என்கிற முந்திரியைக் கறி வைப்போம், பொரிப்போம், வட்டிலப்பத்தில் போடுவோம். அதிலிருந்து கிரீம் எப்படி எடுப்பது? இருந்தாலும் தலையாட்டினேன். பத்துப் பெயர் எழுதிய அட்டையைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நல்ல ஒழுங்காக வேலை செய்கிறேன் என்று எனக்கே ஒரு பெருமை.

3. கத்தியால் வெட்ட வேண்டிய சலாது

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து முதல் டிரயல் போட்டேன். கஜுவை நம்பாமல், கைக்குப் பழகிய தேங்காய்ப்பாலையே கட்டியாகப் பிழிந்து சூட்டோடு பாஸ்டாவில் ஊற்றினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால், பாஸ்டா பாலையெல்லாம் குடித்துவிட்டு ஒரே கட்டியாக நிற்கிறது. மேலே தேங்காய்க் கொழுப்பு வெள்ளை வெள்ளையாக உறைந்திருக்கிறது.

"நானா, இத கத்தியால வெட்டித்தான் பரிமாறணும்" என்றாள் புஷ்பம்.

சனிக்கிழமை மானத்தைவிட்டு பிரவீன் சொன்னபடியே செய்தேன். குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோ பாஸ்டாவுக்கு முக்கால் கிலோ கஜு. கொதிநீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, தேசிக்காய்ப் புளி என்கிற எலுமிச்சைச் சாறு, உள்ளிப்பூண்டு, கடுகு, உப்பு, கொஞ்சம் குளிர்நீர் சேர்த்து, விரலுக்கு இடையில் நறநறப்பு இல்லாமல் போகும்வரை கிரைண்டரில் விட வேண்டும். வல்லாஹி, கிரீம்தான் வந்தது! நான் ஆடிப்போனேன். பாஸ்டா குளிர்ந்தால் இறுகும், ஆகவே சூடாகச் சாப்பிடுவதற்கு அவிப்பதைவிட ஒரு நிமிடம் கூடுதலாக அவிக்க வேண்டும். வடித்துக் குளிர்நீரில் அலசி, ஈரம் போனபிறகுதான் கலக்க வேண்டும். கிரீமில் மூன்றில் ஒரு பங்கை மறைத்து வைத்துக்கொண்டு மேசைக்குப் போகும் நேரம் ஊற்ற வேண்டும். கரட், வெள்ளரிக்காய், கறிமிளகாய், அவித்த சோளம், உப்புத் தண்ணீரில் போட்டெடுத்த பெரிய வெங்காயம். அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் என்னால் முடியாது. நோன்பு வைத்துக்கொண்டு ருசி பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கு மனசு வராது. நோன்பு மாதத்தில் வாசத்தை வைத்தும் கைப் பழக்கத்தை வைத்தும் சமைத்துவிடுவேன். தெரிந்த கறிக்கு அது போதும். இந்தச் சலாதை நான் வாழ்நாளில் சாப்பிட்டதே இல்லை. எப்படி இருந்தால் சரி என்று எனக்கு எப்படித் தெரியும்?

4. என்னமோ குறையுது

ஞாயிறு பகல் பதினொன்றரை. தோட்டத்தில் கதிரை போட்டாகிவிட்டது. பிரவீனின் கூட்டாளிகள் தொப்பியோடு நிற்கிறார்கள், மேடத்தின் சொந்தக்காரர்கள் நிழல் தேடி நிற்கிறார்கள். நான் புஷ்பத்திடம் ஒரு கரண்டி கிரீமை நீட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு நானா. ஆனா என்னமோ கொறையுது."

"உப்பா?"

"இல்ல."

"புளியா?"

"அதுவும் இல்ல. தெரியல நானா. வாய்க்குள்ள போயிட்டு சும்மா நிக்குது."

முப்பத்து நாலு வருடத்தில் என்னமோ குறையுது என்று யார் சொன்னாலும் என் கை போகிற இடம் ஒன்றுதான். பருப்புக்கும் அதுதான், போஞ்சிக்கும் அதுதான், சம்பலுக்கும் அதுதான். உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் மாசித்தூள் போத்தல். மாலைதீவுப் பக்கம் மீனை அவித்துப் புகை போட்டு விறகுக் கட்டைபோலக் காயவைத்து அனுப்புவார்கள், நாங்கள் இடித்துத் தூளாக்கி வைத்திருப்போம். மூன்று தேக்கரண்டி போட்டு, இன்னொரு சுற்று அரைத்தேன்.

புஷ்பம் மறுபடியும் ருசி பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "ஆங், இப்பத்தான் நானா சரி!"

படிக்கிற உங்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கவில்லை. புஷ்பத்துக்கும் விளங்கவில்லை. அட்டை எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அதில் மீன் என்று எழுதியிருந்தது, மாசி என்று எழுதியிருக்கவில்லை. எங்கள் கிச்சனில் மீன் என்றால் பிரிட்ஜில் இருப்பது. மாசி என்றால் உப்பு, மிளகோடு சுவர்த் தட்டில் இருப்பது.

5. பூனை

இரண்டு மணிக்கு மேடம் ஓடி வந்தார். அந்த அம்மா ஓடி நான் பார்த்ததில்லை.

"நானா, மூணு தடவ போட்டுக்கிட்டான்! நானும் அவன் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டேன். அம்மா, சூப்பர்னு சொன்னான்." கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு. எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் புஷ்பம் கத்தினாள். "சூ! போ! நானா, இந்தப் பூனைக்கு என்ன வந்துச்சு? சலாதுச் சட்டிய நக்குது."

அந்த வீட்டுப் பூனையை எனக்குத் தெரியும். மரக்கறிச் சட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. இப்போது தலையைச் சட்டிக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறது. நான் பூனையைப் பார்த்தேன், சுவர்த் தட்டைப் பார்த்தேன், மாசிப் போத்தலைப் பார்த்தேன். யா அல்லாஹ்!

"மேடம், நான் அதுல மாசி போட்டுட்டேன்."

"போட்டா என்ன?"

"அது மீன் மேடம்."

"மாசி மீனா நானா? மாசி மாசிதானே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாதீங்க நானா. அவனுக்குத் தெரிய வேணாம். பதிமூணு நாளைக்கி அப்பறம் இன்னைக்கித்தான் என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கான். கெடுத்துறாதீங்க."

சொன்னால் பெற்ற தாயின் வயிற்றில் அடித்ததாகும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இத்தனை காலமாகக் காத்துவந்ததை நான் உடைத்துவிட்டு வாய் மூடி நிற்பதாகும். யாராவது எனக்குத் தெரியாமல் ஹராமானதைத் தந்துவிட்டு மறைத்தால் சும்மா விடுவேனா? அதே நேரம் இது அதுவும் இல்லையே, இது வெறும் மூன்று தேக்கரண்டிதானே என்றும் மனசு சொல்கிறது. சொல்லுவதா விடுவதா?

யோசித்து முடிவதற்குள் பிரவீனே வந்துவிட்டான், கையில் ஃபோனோடு. "நானா, இதுல என்ன போட்டீங்க? நான் எத்தன தடவ செஞ்சிருக்கேன், இந்த ருசி வந்ததே இல்ல. சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசி தம்பி" என்றேன். "தெரியாம போட்டுட்டேன். என்ட பிழை. மன்னிச்சிக்கோங்க."

அவன் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டான். குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தான், திரும்பத் திரும்பக் கொப்பளித்தான். பிறகு மாடிக்கு ஏறிப் போய்விட்டான். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு வார்த்த" என்றார் மேடம். "அத முழுங்க முடியலையா உங்களுக்கு?"

நோன்பில் எதையும் விழுங்கக் கூடாது என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அன்றைக்குக் கம்பளை பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தேன்.

6. இரண்டு வரிசை

திங்கட்கிழமை, வேலை போய்விட்டது என்ற நினைப்போடுதான் போனேன். கிச்சன் மேசையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டேன். தட்டில் இருந்த போத்தல், டின், பெக்கட் எல்லாம் மேசையில் கிடக்கின்றன. பிரவீன் ஒவ்வொன்றாக மூடி திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க நானா. இது என்ன?"

"கறித்தூள்."

"என்ன இருக்கு இதுல?" சொன்னேன். வலது பக்கம் வைத்தான். "இது?" "கொறக்காப் புளி." வலது பக்கம். "இது?" "சூப் கட்டி." பெக்கட்டை வாசித்துவிட்டு இடது பக்கம் வைத்தான்.

"தம்பிக்கு என்மேல கோவம் இல்லையா?"

"நேத்து ரொம்பக் கோவம். ராத்திரி யோசிச்சேன். நீங்க சொல்லலன்னா மெல்பர்ன்ல உக்காந்து, ஏன் அந்த ருசி வரலன்னு வாழ்நாள் பூரா கஜுவ அரைச்சிருப்பேன்."

ஒரு மணி நேரம் போயிற்று. இடது பக்கம் மாசி, நெத்தலி, நெய், பட்டர், பால்மா, மயோனைஸ், தேன், சூப் கட்டி. வலது பக்கம் மேசை நிறைந்து, இடம் போதாமல் புஷ்பம் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். பருப்பு, கடலை, பயறு, தேங்காய், கொறக்கா, ரம்பை, கறுவா, அரிசி வகை ஐந்து, காய்ந்த மிளகாய், ஊறுகாய், இன்னும் என்னென்னவோ.

மேடம் எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. வாசலில் நின்று வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுமா நீ சாப்பிடுவ?"

"எல்லாம் சாப்பிடுவேம்மா. வேணாங்கிறதத்தானே எல்லாரும் கேட்டீங்க. என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலையே."

அட்டையில் பத்துப் பெயர் எழுதிப் பெருமைப்பட்டவன் நான். தலையைக் குனிந்துகொண்டேன். மேடம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பருப்பு டின்னை எடுத்தார்.

அன்று நான் நோன்பு துறக்க அங்கேயே இருந்தேன். பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்து முடிந்ததும், பிரவீன் தானே செய்த சலாதை என் முன்னால் வைத்தான். மாசி இல்லாதது. வாழ்நாளில் முதல் தடவையாக ருசி பார்த்தேன். எதிரில் மேடமும் மகனும் ஒரே சட்டியில் இருந்து பருப்பும் போஞ்சியும் போட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் தடவை சோறு கேட்டான். மேடம் கரண்டி நிறையப் போட்டார்.

"எப்படி நானா, சலாது?"

நேற்றுச் சொன்ன உண்மைக்குப் பட்டபாடு போதாதா என்று யோசித்தேன், இருந்தாலும் வாய் கேட்கவில்லை. "என்னமோ கொறையுது தம்பி" என்றேன். மேடம் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

பிள்ளைகளே, சாப்பிட வருகிறவர் தன் சாப்பாட்டுக்கு ஒரு பெயர் சொன்னால், விளங்கிவிட்டது என்று தலையாட்டாதீர்கள். அவரைக் கிச்சனுக்குள் கூப்பிடுங்கள். போத்தல்களை எடுத்து மேசையில் வையுங்கள். வேண்டாததைக் கேட்பதற்கு முன்னால் வேண்டியதைக் கேளுங்கள்.

பிரவீன் புதன்கிழமை போய்விட்டான். நான் இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் போகிறேன். அவன் பிரித்து வைத்த வரிசையை மேடம் இன்னும் யாரையும் கலைக்க விடுவதில்லை. உப்புக்குப் பக்கத்தில் இருந்த மாசிப் போத்தலை மட்டும், என் வலது கை எட்டாத மேல் தட்டுக்கு மாற்றிவிட்டார். கறி வைக்கும்போது கை இன்றைக்கும் பழைய இடத்துக்குப் போகிறது, வெறுங்கையோடு திரும்பி வருகிறது.