பிடிச்சு விடுற படிப்பு

என் வாய்தான் எனக்கு எதிரி. நான் பிசியோதெரபிஸ்ட். கண்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. எங்கள் பிரிவில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். நான் லீவு போட்டால் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் நோயாளிகளுக்குக் கைச்சாடைதான் கதி. அதனால்தான் தோட்டப் பாடசாலைகளுக்குப் போய், "இந்தப் படிப்புக்கும் விண்ணப்பம் போடுங்க" என்று உயர்தர மாணவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

கலஹாப் பக்கம் ஒரு பாடசாலையில், "அது என்னா படிப்பு மிஸ்?" என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன் பேர்வழி என்று, "கை கால் வராம கெடக்குறவங்களுக்குப் பிடிச்சு விடுற படிப்பு" என்று சொல்லித் தொலைத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், புத்தி கெட்டவள்.

அந்த வகுப்பிலிருந்த ஒரு பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்புக்கே இடம் கிடைத்தது. போனில் சொல்லும்போதே அழுதாள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, யார் பார்த்தால் என்ன என்று குதித்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி அவளுடைய போன்.

"மிஸ், அப்பா விட மாட்டேங்குறாரு. சர்டிபிகேட் எல்லாத்தையும் அலுமாரியில வச்சுப் பூட்டிட்டாரு. பதியுறதுக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்."

அன்றைக்குப் புதன்கிழமை. வேலை முடிந்ததும் பேராதனையில் பஸ் ஏறி அவர்களுடைய லயத்து வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். கதிரையை இழுத்துப் போட்டார், பிளேன்டீ கொடுக்கச் சொன்னார், நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து ஆரம்பித்தார்.

"மிஸ்ஸுங்கிறதால மரியாதையா கேக்குறேன். டவுன்ல போர்டு போட்டு, கண்ணாடிக் கதவ சாத்திக்கிட்டு ஒடம்பு பிடிச்சு விடுறாங்களே, அந்த வேலைக்கா எம்புள்ள இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சுச்சு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப நான் செய்யுறது அந்த வேலையா அண்ணே?"

"நீங்களேதான் ஸ்கூல்ல அப்படிச் சொன்னீங்களாமே."

மகளைப் பெற்றவர் பயப்படாமல் என்ன செய்வார்? தப்பு முழுக்க என்னுடையது. தசை, நரம்பு, பயிற்சி என்று நான் விளக்க விளக்க அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில், "நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு, மகளையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வருவார் என்று எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. இரவெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு புரண்டேன்.

வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மகளோடு சுவரோர வாங்குப் பலகையில் விறைப்பாக உட்கார்ந்தார்.

அன்று வந்த நோயாளி, பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன தோட்டத் தொழிலாளி. மூன்று மாதமாக மனைவிதான் அவரைத் தாங்கித் தாங்கி நடத்துகிறார். நடைப் பயிற்சிக்கான இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவரை நிறுத்தினேன்.

"கம்பியில இருந்து கைய எடுங்க ஐயா. பயப்படாதீங்க, பக்கத்துலதான் நிக்கிறேன். இந்தக் காலத் தூக்குங்க. ஆ, அப்படித்தான்!"

விழுந்தால் பிடிக்க என் கைகள் தயாராக இருந்தன, ஆனால் அவரைத் தொடவில்லை. ஓர் எட்டு வைத்தார். இன்னோர் எட்டு. நான்காவது எட்டில் அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

அந்த அப்பா வாங்கிலிருந்து எழுந்து நின்றிருந்தார். "மிஸ், நீங்க பிடிக்கவே இல்லியே!"

"பிடிக்காம நடக்க வைக்கிறதுதாண்ணே இந்தப் படிப்பு. இத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவர் மறுபடி வாங்கில் உட்கார்ந்தார். நோயாளியின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஒங்க மகளாங்கண்ணே? யாரப் பாக்க வந்தீங்க?"

"இந்தப் படிப்புதான் படிக்கப் போவுது. நாளைக்குப் பதியுறோம்."

அப்பாடா! நானே ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், அவள் தோள் குலுங்கியது.

"அப்ப எங்க தோட்டத்துப் பக்கமும் ஒரு தமிழ்ப் புள்ள வருமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

பெண்ணின் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எத்தன வருஷம் மிஸ்?"

"நாலு."

"நாலே நாலு வருஷம் பொறுத்துக்கங்கக்கா," என்றார் அந்த அம்மாவிடம். "நானே கூட்டிக்கிட்டு வாறேன்."